கறுப்புப் பட்டை கடிக்குமா?

ஏய்யா பேராண்டி, பெரிய டிவி வாங்கிட்டியாமே? 43 இஞ்சாமில்ல? நல்லாரு. செவுத்துல மாட்டி, சூடம் காட்டாத கொறையா வச்சிருக்க. அதுல பழைய 'மெட்டி ஒலி' சீரியலைப் போட்டுப்புட்டு, படத்துக்கு ரெண்டு பக்கமும் கறுப்பாக் கெடக்குதேன்னு மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கியாமே? என்னய்யா கெரகம் உனக்கு? இங்கிட்டு அரைச் சாண் கறுப்பு, அங்கிட்டு அரைச் சாண் கறுப்பு. அது உன்னையக் கடிச்சுச்சா, பெறாண்டுச்சா?

"முழு டிவிக்குக் காசு குடுத்தேன் தாத்தா, படம் முக்கால்வாசியிலதான தெரியுது"ங்குற. சரிதான். கணக்குல புலி நீ. அந்தக் கணக்கை இன்னங் கொஞ்சம் நீட்டிப் பாப்பமா?

2006-ல கலைஞர் ஆட்சியில இலவசக் கலர் டிவி குடுத்தாக. செப்டம்பர் 15, அண்ணா பொறந்த நாள்ல ஆரம்பிச்சாக. 14 இஞ்ச். அம்புட்டுத்தான். அந்தப் பெட்டிக்கு முன்னாடி வீட்டாளுக போக பக்கத்து வீட்டாளுக, அவுக வீட்டு விருந்தாளின்னு தெருவே உக்காந்து பாத்துச்சு. சின்னதா இருக்குன்னு ஒருத்தர் சொல்லலையே! இப்ப உன் 43 இஞ்சுல கறுப்புப் போக மிச்சமிருக்குற படத்தை அளந்து பாரு. மூலைக்கு மூலை 35 இஞ்ச் வரும். பரப்பளவு பாத்தா அந்த 14 இஞ்ச் பெட்டியைப் போல ஆறு பங்கு. ஆறு பங்கு பெரிய படத்தைப் பாத்துக்கிட்டே "கொறையுது, கொறையுது"ன்னு பொலம்புறவன், வீரபாண்டியில இருந்து கம்பம் வரைக்கும் தேடுனாலும் நீ ஒருத்தன்தான்டா இருப்ப.

இன்னொண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காத. புதுப்படம் போடும்போது மேலயும் கீழயும் கறுப்பு வருதுல்ல? அப்ப என்ன சொல்ற? "தியேட்டர் எபெக்ட் தாத்தா"ங்குற. லைட்டை வேற அமத்துற. அந்த சினிமாஸ்கோப் படத்துக்கு மேலயும் கீழயும் சேத்து உன் டிவியில ஏறக்குறையக் கால்வாசி கறுப்பாப் போகுது. பழைய சீரியலுக்குப் பக்கவாட்டுல சேத்துக் கால்வாசி போகுது. ரெண்டும் ஒரே கால்வாசிதானடா! கறுப்பு படுத்தா பவுசு, எந்திரிச்சு நின்னா நட்டமா? உத்தமபாளையம் கோர்ட்டுக்குப் போனாக்கூட இந்த வழக்கு நிக்காது.

வெவரம் சொல்றேன், செல்போனைக் கீழ வச்சுட்டுக் கேளு.

அந்தக் காலத்து டிவிப் பெட்டி நாலுக்கு மூணு. அகலம் நாலு பங்குன்னா ஒசரம் மூணு பங்கு. இது டிவிக்காரன் வகுத்த கணக்கில்ல. அமெரிக்காவுல எடிசன் பட்டறையில டிக்சன்னு ஒருத்தர் 1890கள்ல பிலிமுக்கு வச்ச அளவு. சினிமா அதைப் பிடிச்சுக்கிருச்சு. டிவி பொறந்தப்ப அதுவும் அதையே வாங்கிக்கிருச்சு. அப்புறம் வீட்டுக்கு வீடு டிவி வரவும் சினிமாக்காரனுக்கு வயித்தக் கலக்குச்சு. வீட்டுப் பெட்டியில இல்லாத அகலத்தைக் காட்டுனாத்தான் சனம் தியேட்டருக்கு வரும்னு 1953-ல 'தி ரோப்'னு ஒரு படத்தோட சினிமாஸ்கோப்பை எறக்குனான். நம்ம தமிழுக்கு அது வந்தது 1973-ல. ஏ.பி.நாகராஜன் எடுத்த 'ராஜராஜ சோழன்'. சிவாஜி நடந்து வந்தா திரை பத்தல, அகலமாக்குனாகன்னு நாங்க பேசிக்கிருவோம்.

பெறகு 1980கள்ல டிவியையும் அகலமாக்கணும்னு ஆசை வந்துச்சு. எம்புட்டு அகலம்? அங்கதான் சண்டை. கெர்ன்ஸ் பவர்ஸ்னு ஒரு இஞ்சினியர் இருந்தாரு. அன்னைக்குப் புழக்கத்துல இருந்த பட அளவு எல்லாத்தையும் ஒரே பரப்பளவுல கட்டங்கட்டமா வரைஞ்சு, ஒண்ணு மேல ஒண்ணு வச்சுப் பாத்தாரு. எல்லாம் அடங்குற மாதிரி வெளிய ஒரு கட்டம், எல்லாத்துக்கும் பொதுவா உள்ள ஒரு கட்டம். ரெண்டுமே 16-க்கு 9-ன்னு வந்துச்சு. முடிஞ்சுச்சு சோலி. புரியுதா? அகலம் அகலம்னு நீ நெஞ்ச நிமித்துற டிவி, எந்தப் படத்துக்கும் சொந்தமில்லாத பொது அளவு. எல்லார்கிட்டயும் கொஞ்சம் கொஞ்சம் விட்டுக்குடுக்கச் சொல்லிப் பேசி முடிச்ச பஞ்சாயத்து. பழைய சீரியல் வந்தா பக்கத்துல கறுப்பு, ஸ்கோப் படம் வந்தா மேல கீழ கறுப்பு. அந்தத் தீர்ப்புலயே கறுப்பு எழுதியிருக்கு. நீ போயி ரிமோட்டுல மேல்முறையீடு பண்ணிக்கிட்டிருக்க!

சரி, கறுப்பு பிடிக்கலைன்னா என்ன பண்றாய்ங்க? மொதல் வேலை, இழுக்குறது. நாலுக்கு மூணு படத்தைப் பிடிச்சு ரெண்டு பக்கமும் இழுத்து 16-க்கு 9 ஆக்குறது. நாலு முழ வேட்டிய எட்டு முழமா இழுத்துக் கட்டுற கதைதான். நீளம் வந்துரும், மானம் போயிரும். இழுத்தா ஒவ்வொரு ஆளும் மூணுல ஒரு பங்கு கூடுதலா வீங்குறான். 'சித்தி' பாத்திருக்கியா? 1999 டிசம்பர்ல சன் டிவியில ஆரம்பிச்சது. அதுல ராதிகா நெத்தியில பொட்டு வட்டமா இருக்கும். உன் டிவியில கோழிமுட்டையாட்டம் படுத்துக் கெடக்கு. அந்தம்மா என்னடா பாவம் பண்ணுச்சு?

இந்தப் பொட்டு இருக்கே, இதைவிட நல்ல அளவுகோல் ஒண்ணும் கெடையாது. இஞ்சினியர் வேணாம், டேப்பு வேணாம். கதாநாயகி நெத்தியப் பாரு. பொட்டு வட்டமா இருந்தா படம் சரி. சப்புன்னு இருந்தா இழுத்திருக்கான். நெட்டுக்குத்தா நீண்டிருந்தா நசுக்கியிருக்கான். பொட்டு வைக்காத சீரியலா இருந்தா வண்டிச் சக்கரத்தைப் பாரு. நம்ம சீரியல்ல இந்த ரெண்டுமே இல்லாம ஒரு நாள் ஓடுமா?

போன வருசம் நம்ம பய ஒருத்தன், எங்க காலத்து வீரபாண்டிச் சித்திரைத் திருவிழா கேசட்டைத் தேடி எடுத்துப் பென்டிரைவுல ஏத்திக் குடுத்தான். மகராசன் நல்லாருக்கணும். ஆனா டிவி முழுக்கத் தெரியணும்னு இழுத்துப்புட்டான். கௌமாரியம்மன் தேரு எம்புட்டு ஒசரம்! அண்ணாந்து பாத்தாத் துண்டு விழும். அந்தத் தேரு அதுல குள்ளமா, குண்டா, சப்பையா நகருது. அக்கினிச் சட்டி எடுத்து வர்றவுக எல்லாம் நாள்கணக்கா வெரதம் இருந்த ஆளு மாதிரியா இருக்காக? விருந்துச் சாப்பாடு சாப்பிட்டு எந்திரிச்ச மாதிரி இருக்காக. முக்கொம்புக் கம்பத்துக்கு ஆத்துத் தண்ணி ஊத்துற பொம்பளைகளைப் பாத்துட்டு உங்க அப்பத்தா கேட்டா, "அது நானா? நான் எப்ப இம்புட்டு பெருத்தேன்?" அன்னைக்கு ராத்திரி வீட்டுல சோறு லேட்டு. போதுமா?

ரெண்டாவது வேலை, வெட்டுறது. இது இன்னும் நல்ல கூத்து. இழுத்தா முகம் கெடுதுன்னு தெரிஞ்ச அறிவாளிக, முகத்தை நேரா வச்சுக்கிட்டு மேலயும் கீழயும் வெட்டிப்புடுறாய்ங்க. நூத்துக்கு 25 பங்கு ஒசரம் காலி. செருப்புக்குத் தக்கன காலை வெட்டுனானாம்னு பெரியவுக சும்மாவா சொன்னாக?

ராமாயணத்தை எடுத்துக்க. ராமானந்த சாகர் எடுத்தது. 1987 சனவரியில ஆரம்பிச்சு, ஞாயித்துக்கிழமை காலையில வரும். இந்தியில ஒரு எழுத்துத் தெரியாது நமக்கு. கதை தெரியும்ல? அது போதும். 2020-ல கொரோனாவுக்கு ஊரடங்குனப்ப திரும்பப் போட்டாக. ஏப்ரல் 16 அன்னைக்கு மட்டும் 7.7 கோடிப் பேரு பாத்ததாத் தூர்தர்ஷனே சொல்லுச்சு. அந்தக் கதையில பரதன் பாதுகையத் தலையில தூக்கி வச்சுக்கிட்டு வருவான்ல? இப்ப மேல வெட்டுறவன் கையில கத்திரியக் குடு. பாதுகை போச்சு! பரதன் எதுக்குடா வெறுங்கையோட அழுதுக்கிட்டே வர்றான்னு கேப்ப நீ. கீழ வெட்டுறவன்கிட்டக் குடு. ராமன் பாதம் பட்டு அகலிகை எந்திரிக்கிற எடத்துல பாதமே இருக்காது. கிரீடமும் பாதமும் இல்லாத ராமாயணம் உனக்கெதுக்கு?

இது ஏதோ கெழவன் கற்பனைன்னு நெனைக்காத. வெள்ளைக்காரன் ஊருல நெசமாவே நடந்துச்சு. 'சிம்ப்ஸன்ஸ்'னு கார்ட்டூன் இருக்குல்ல, அதை 2019 நவம்பர்ல டிஸ்னி பிளஸ்ல போட்டப்ப பழைய பாகத்தை எல்லாம் மேல கீழ வெட்டி அகலமாக்கிப் போட்டான். அதுல ஒரு பீர் பேக்டரி வரும். மூணு தினுசுப் பீருன்னு மூணு தொட்டியில எழுதியிருக்கும். மேல பாத்தா மூணு தொட்டிக்கும் ஒரே குழாயில இருந்துதான் ஊத்தும். அதான்டா சிரிப்பே! வெட்டுனவன் குழாயை வெட்டிப்புட்டான். மூணு தொட்டி மட்டும் மொட்டையா நிக்குது. பாத்த சனம் கத்துன கத்துல, அடுத்த வருசம் மே மாசம் பழைய அளவுலயும் பாக்கலாம்னு ஒரு சுவிட்சு வச்சுக் குடுத்தான். 'சைன்ஃபெல்டு'ன்னு ஒரு சிரிப்புத் தொடர். 2021-ல நெட்ஃபிளிக்ஸுக்கு வந்துச்சு. அதுல ஒரு கதையில ரோட்டுல கெடக்குற குழி ஒண்ணு வரும். கீழ வெட்டுனதுல, ஆளு குனிஞ்சு பாக்குறான், குழியக் காணோம்! நம்ம ஊரு ரோட்டுக்கு இந்த வித்தையக் கொண்டாந்தா ஒப்பந்தக்காரன் மாலை போட்டுக் கும்புடுவான்.

"வெட்டாம, இழுக்காம, பக்கத்துல கூடுதலாக் காட்ட முடியாதா தாத்தா?"ன்னு கேக்குற. கூறுள்ள கேள்விதான். முடியும், சில பேருக்கு. அமெரிக்காவுல பல தொடரை டிவிக்குன்னாலும் 35 எம்எம் பிலிமுல எடுத்தான். அந்தப் பிலிமுல பக்கவாட்டுல கொஞ்சம் எடம் மிச்சமிருக்கும். பின்னாடி அதைத் தெறந்து விட்டு அகலமாக்கலாம். 'ஃப்ரெண்ட்ஸ்' தொடரை அப்படித்தான் 2012-ல புளூ-ரேயில போட்டான். ஆனா ஏன் அந்த எடத்தை மிச்சம் விட்டான்? அது டிவியில தெரியாதுன்னு விட்டான். தெரியாத எடத்துல என்ன இருக்கும்? மைக்கு இருக்கும், லைட்டுக் கம்பம் இருக்கும், நடிகைக்குப் பதிலா நிக்க வச்ச வேற ஆளு இருக்கும். இப்ப தெறந்து விட்டா எல்லாம் ஓரத்துல எட்டிப் பாக்குது. 'பஃபி'ன்னு பேய்க் கதை ஒண்ணு, அதுல பேயை விடப் படம் பிடிக்கிற ஆளுகதான் பயமுறுத்துறாய்ங்கன்னு சிரிச்சாக.

'தி வயர்'னு ஒரு தொடர். அதையும் 2014-ல அகலமாக்குனான். அதை உருவாக்குன டேவிட் சைமன் ஒளிச்சு மறைக்காமச் சொன்னாரு, சில காட்சி தேறிச்சு, சில காட்சி கெட்டுச்சுன்னு. பெத்தவரே அப்படிச் சொன்னா அடுத்தவன் என்ன சொல்ல? 'ஸ்டார் ட்ரெக்'கோட அடுத்த தலைமுறைத் தொடர் இருக்குல்ல, அதையும் 2012-ல பழைய பிலிமைத் தேடி எடுத்துச் சுத்தம் பண்ணுனாய்ங்க. அம்புட்டுச் செலவு பண்ணியும் நாலுக்கு மூணாவே விட்டாய்ங்க. எடுத்தவன் எடுத்த மாதிரி. அவனுக்கு அகலம் தெரியாமலா விட்டான்?

நம்ம ஊரு சீரியல் கதை வேற. பெரும்பாலும் வீடியோ டேப்புல எடுத்தது. டேப்புல பக்கத்துல மிச்ச எடம் ஏது? எடுத்ததே அம்புட்டுத்தான். தெறக்கக் கதவே இல்லாத வீட்டுல கதவைத் தெறன்னா? அதனால நம்ம பழைய சீரியலை அகலமாப் போட்டிருக்கேன்னு எவனாச்சும் சொன்னா, கேள்வி ஒண்ணுதான் கேக்கணும்: "வெட்டுனியா, இழுத்தியா?" மூணாவது பதில் அவன்கிட்ட இருக்காது.

அதுலயும் சீரியல்ங்குறது என்ன? மூஞ்சி. அழுகுற மூஞ்சி, மொறைக்கிற மூஞ்சி, கதவிடுக்குல ஒட்டுக் கேக்குற மூஞ்சி. மனுச மூஞ்சி நெட்டுக்குத்தா இருக்கா, படுக்கவாட்டுல இருக்கா? கண்ணாடியப் போயிப் பாரு. மேகமலையப் படம் பிடிக்கணுமா, அகலம் வேணும். இந்தப் பக்கம் நெல்லு, அந்தப் பக்கம் வாழை, நடுவுல ஆறுன்னு காட்டணுமா, அகலம் வேணும். மாமியாரும் மருமகளும் அடுப்படியில மொகத்துக்கு மொகம் பேசுறதுக்கு எதுக்குடா அகலம்? ரெண்டு பேருக்கும் நடுவுல லாரி போகவா?

எங்க காலத்துல கெட்டுக்கெடந்தது தலைகீழ். நீ அகலப் பெட்டியில நெட்டைப் படம் பாக்குற. நாங்க நெட்டைப் பெட்டியில அகலப் படம் பாத்தோம். கல்யாணம், காதுகுத்து, சடங்குன்னா டெக்கு வாடகைக்கு எடுப்போம். டிவி, டெக்கு, கேசட்டு மூணும் சைக்கிள்ல வந்து எறங்கும். விடிய விடியப் படம். ஸ்கோப் படம் போட்டா என்ன ஆகும் தெரியுமா? பேரு ஓடுற வரைக்கும் எல்லாரும் நெட்டையா, ஒல்லியாத் தெரிவாக. பேரு எழுத்து வெட்டுப்படக் கூடாதுல்ல, அதுக்காக மொத்தத்தையும் நசுக்கியிருப்பான். பேரு முடிஞ்ச மறு நிமிசம் பழைய உடம்பு வந்துரும். ஆனா ரெண்டு பக்கமும் போயிரும். அகலத்துல நூத்துக்கு நாப்பது பங்குக்கு மேல வெளிய நிக்கும். கதாநாயகன் ஒரு ஓரம், கதாநாயகி ஒரு ஓரம், நடுவுல பூச்சாடி. காதல் வசனத்தைப் பூச்சாடிதான் பேசும். நாங்க பூச்சாடியப் பாத்துக் கண்ணு கலங்குன பரம்பரைடா!

அதுக்கப்புறம் 2007 வாக்குல மோசர் பேயர்காரன் 28 ரூபாய்க்கு விசிடியும் 34 ரூபாய்க்கு டிவிடியும் குடுத்தான். தேனி பஸ் ஸ்டாண்டுக் கடையில கொத்துக் கொத்தாத் தொங்குச்சு. விசிடியில அளவே நாலுக்கு மூணுதான். ஸ்கோப் படத்துக்கு மேல கீழ கறுப்பு விட்டுப் போட்டா "பாதிப் படத்தைக் காணோம்"னு சண்டைக்குப் போவாக. நெசத்துல முழுப்படம் இருந்தது அதுலதான். கறுப்பு இல்லாம ரொப்பிப் போட்டதுலதான் பாதிப் படம் போச்சு. அன்னைக்கும் இதே கதைதான், இன்னைக்கும் இதே கதைதான். நம்ம சனத்துக்குத் திரை ரொம்பணும். படம் என்ன ஆனா என்ன?

கொட்டகைக்காரனுக்கு இருந்த புத்தி நமக்கு இல்ல, பாத்துக்க. தியேட்டர்ல திரைக்கு ரெண்டு பக்கமும் கறுப்புத் துணி இருக்கும். சாதாப் படமா, துணியை உள்ள தள்ளி வைப்பான். ஸ்கோப்பா, துணி வெலகும். துணி வெலகவும் சனம் விசிலடிக்கும். படத்துக்குத் தக்கன துணி நகந்துச்சு. துணிக்குத் தக்கன படத்தை எவனும் வெட்டல. ஆபரேட்டர் என்னைக்காச்சும் ஸ்கோப் லென்ஸ் மாட்ட மறந்து ஆளுகளை ஒல்லியா விட்டான்னா, "லென்ஸைப் போடுறா!"ன்னு தரை டிக்கெட்டுல இருந்து கத்துவாய்ங்க. எழுதப் படிக்கத் தெரியாதவனுக்குக்கூட ஆளு கோணலா இருந்தா தெரிஞ்சுச்சு. நீ காலேஜு படிச்சவன். சப்பை மூஞ்சியப் பாத்துக்கிட்டு "எச்டி குவாலிட்டி"ங்குற.

இப்ப புதுசா ஒரு வித்தை வந்திருக்கு. கறுப்பு ஆகாதாம், இழுக்கவும் கூடாதாம், வெட்டவும் கூடாதாம். அதனால அதே படத்தை மங்கலாக்கிப் பெரிசாக்கி ரெண்டு பக்கமும் ஒட்டி வைக்கிறாய்ங்க. நடுவுல அம்மா அழுகுறா. பக்கத்துல மங்கலா ஒரு பெரிய அம்மா, அந்தப் பக்கம் இன்னொண்ணு. மூணு பேரும் ஒரே நேரத்துல மூக்கைச் சிந்துறாக. கண்ணு எங்கடா போகும்? கறுப்பு பேசாமக் கெடந்துச்சு. இது கூடவே அழுகுது.

அதோட விட்டானா? செல்போனுக்கு ரீல்ஸ் போடணும்ல. அகலம் அகலம்னு குதிச்ச அதே பய இப்ப நெட்டுக்குத்தா நறுக்குறான். 9-க்கு 16. நாலுக்கு மூணு படத்துல பக்கவாட்டுல 58 பங்கு வெளிய போகுது, 42 பங்குதான் மிச்சம். 'மெட்டி ஒலி'யில அப்பனுக்கு அஞ்சு பொண்ணு. அஞ்சையும் ஒரு சட்டத்துக்குள்ள வரிசையா நிக்க வச்சு எடுத்தவரு திருமுருகன். ரீல்ஸ்ல பாரு, ரெண்டு பொண்ணுதான் தேறும். மத்த மூணைக் கட்டிக் குடுத்துட்டாகளா, காணாமப் போச்சுகளான்னு தெரியாது. டிவிக்கு நெட்டை ஆகாதுன்ன, போனுக்கு அகலம் ஆகாதுங்குற. அப்ப படம் எடுத்தவன் எதுக்குத்தான்டா ஆவான்?

'மர்மதேசம்' நல்லா எடுத்தாக. இந்திரா சௌந்தர்ராஜன் கதை, நாகா எடுத்தது. அதுல 'விடாது கருப்பு' பாக்குறப்ப இருட்டுல குதிரையில கருப்பு வந்தா வீட்டுல ஒருத்தரும் கொல்லைப் பக்கம் போகமாட்டாக. அந்தக் கறுப்புக்குப் பயந்தா ஒரு நியாயம் இருக்கு. இந்த அரைச் சாண் கறுப்புக்குப் பயந்து நடுங்குறவனை என்ன சொல்ல?

இந்தப் பக்கம் இம்புட்டுப் பேசிட்டேன்னு, எடுத்த அளவு இம்மியும் மாறக் கூடாதுங்குற அந்தப் பக்கத்து ஆளுக சிரிக்க வேணாம். அவுக கதையும் இருக்கு. டிவியில படம் ஓடும், அவுக ஸ்கேலை வச்சு அளந்துக்கிட்டிருப்பாக. "இது 1.33 இல்ல, 1.37"ம்பாக. ஓரத்துல ஒரு நூல் எடம் கொறைஞ்சாக் கொடி பிடிப்பாக. அட, அந்தக் காலத்துப் பெட்டியே நாலு ஓரத்துலயும் கொஞ்சம் படத்தை முழுங்கித்தான் காட்டும். அது கேமரா பிடிச்சவனுக்கும் தெரியும். அதனாலதான் முக்கியமான ஒண்ணையும் ஓரத்துல வைக்கமாட்டான். நாங்க பாத்ததே கொடைக்கானல் மலையில இருந்து வந்த தூர்தர்ஷன். ஒருத்தன் ஓட்டு மேல ஏறி ஆன்டெனாவைத் திருப்ப, ஒருத்தன் வாசல்ல நின்னு "தெரியுதா?"ன்னு கேக்க, உள்ள இருந்து "தெரியுது, தெரியுது, போச்சு"ன்னு கத்த, அந்தப் பொரிப் பொரிப் படத்துல பாதியைக் கண்ணு பாத்துச்சு, மீதியை மனசு ரொப்புச்சு. ஒரு நூலுக்கு எல்லாம் கண்ணீர் விட்டா இந்தக் கம்பம் பள்ளத்தாக்கு தாங்காது. தலை இருக்கா, கால் இருக்கா, பொட்டு வட்டமா இருக்கா? இருந்தா உக்காந்து பாருங்கப்பா. கதை ஓடிக்கிட்டிருக்குல்ல!

பழசை வச்சிருக்கிற கம்பெனிக்காரகளுக்கும் ஒரு வார்த்தை. நீங்க சுத்தம் பண்ணுங்க, கீறலை எடுங்க, கலரை ஏத்துங்க, சத்தத்தைச் சரி பண்ணுங்க. கையெடுத்துக் கும்புடுறோம். ஆனா கத்திரியை மட்டும் கீழ வைங்க. எடுத்த அளவுலயே போடுங்க. ரொப்பித்தான் பாப்பேன்னு ஒருத்தன் அடம் பிடிச்சா, அவன் டிவியில ஜூம்னு பட்டன் இருக்கு, அவனே அமுக்கிக்கிருவான். நீங்க முழுசாக் குடுத்தா அவன் வெட்டிக்கலாம். நீங்க வெட்டிக் குடுத்தா நாங்க எதை வச்சு ஒட்டுறது?

இப்ப நீ எந்திரி. ரிமோட்டை எடு. பிக்சர் சைஸ்னு போட்டிருக்கும், இல்லாட்டி ஆஸ்பெக்ட் ரேஷியோன்னு பவுசா எழுதியிருப்பான். உள்ள போ. ஃபுல்லுன்னு இருந்தா இழுக்குறான். ஜூம்னு இருந்தா வெட்டுறான். 4:3-ன்னு இருக்கா, ஒரிஜினல்னு இருக்கா, அதுல நிறுத்து. புதுப்படம் போடும்போது மறக்காம 16:9-க்கு மாத்து. இல்லாட்டி அதை நசுக்கிப்புட்டு அதுக்கும் என்கிட்ட வந்து நிப்ப. இது ஒரு நிமிச வேலை. இதுக்கா ரெண்டு நாளாச் சோறு எறங்கல உனக்கு?

இன்னமும் சந்தேகமா? உள்ள போயி உங்க அப்பத்தாவைக் கேளு. 'சித்தி', 'மெட்டி ஒலி', 'கோலங்கள்' எல்லாத்தையும் அடுப்படியில இருந்தே முடிச்சவ அவ. ஒரு கை தோசையில, ஒரு காது டிவியில. எந்த மாப்பிள்ளை எந்த நாள் கை நீட்டுனான், எந்தக் கொழுந்தியா எதைப் போட்டுக் குடுத்தா, எல்லாம் ஒப்பிப்பா. படம் நாலுக்கு மூணா, 16-க்கு 9-ஆன்னு கேட்டுப் பாரேன். கேட்டு முடிக்கிறதுக்குள்ள கரண்டியோட வந்து நிப்பா: "அளவு கெடக்கட்டும்டா, சத்தத்தக் கூட்டு!"